பால் வேனும் பதினோரு பெயர்களும்

வேலம்மாவுக்குப் பதிவிலாகாவில் நேர்காணல் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அவர் முரியலைத் தேடி வந்தது திங்கட்கிழமை மத்தியானம். நடுவில் இருந்தது இரண்டே நாள்.

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு பழைய கடைவரிசையின் மாடியில்தான் பெத்சாய்தா உதவிச் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. முரியல் அங்கே உட்கார்ந்து சங்கத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் என்பதால், ஐம்பத்தைந்தாம் ஆண்டு மலருக்கான கட்டுரை அவர் தலையில் விழுந்திருந்தது. 1969இல் போதகர் எலியட் ஒரு பழைய வேனில் பால்மாவையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போக ஆரம்பித்தது, நர்ஸ் விவியன் அவரோடு சேர்ந்துகொண்டது, சோகை பிடித்த குழந்தைகள் தேறியது எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார். எழுதியது அவருக்கே பிடித்திருந்தது.

வேலம்மா தன் மகள் குமுதாவோடு படியேறி வந்தார். வேலம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்கும் வேலை. குமுதா ஏழு மாதக் கர்ப்பிணி. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"டீச்சர், நான் செரோஜா தோட்டத்துல பொறந்தவ," என்றார் வேலம்மா. "எனக்கு ஐசி இல்ல. பொறப்புச் சூராட்டும் இல்ல. ரெண்டு தடவை மனு போட்டேன். இங்கதான் பொறந்தேன்னு என்ன ஆதாரம்னு கேக்குறாங்க. தோட்டமே இல்ல இப்ப. ஆபீஸ் கட்டடத்த இடிச்சு வீடு கட்டிட்டாங்க. அந்தக் காலத்துல பால் வேன் எங்க லயத்து வீடுங்களுக்கு வரும்னு எங்கம்மா சொல்லும். ஒங்க பழைய புத்தகத்துல எங்கயாச்சும் எம் பேரு இருக்குமா?"

"பாத்துச் சொல்றேன்," என்றார் முரியல். இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாதே என்று பயந்தார்.

குமுதாதான் விளக்கினாள். அம்மாவிடம் ஐசி என்னும் அடையாளக் கார்டு இல்லாததால் அப்பாவோடு நடந்த கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. அதனால் அவள் சூராட்டில், பிறப்புச் சான்றிதழில், 'குடிமகள் அல்லர்' என்று விழுந்துவிட்டது. இப்போது அவள் கல்யாணத்துக்கும் அதே கதி. அவள் வீட்டுக்காரன் திலீப் இந்த நாட்டுக்காரன்தான். ஆனாலும் பதிவு இல்லையென்றால் பிள்ளை அம்மாவின் நிலையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

"என்னோட முடிஞ்சா பரவால்ல, டீச்சர்," என்றாள் குமுதா. "இதுக்கும் வந்துரும்லா." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

அவர்கள் போனதும் முரியல் பின்னறை அலமாரியைத் திறந்தார். நர்ஸ் விவியன் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அங்கே இருந்தன. சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. கட்டுரைக்காக அவர் புரட்டியது முதல் புத்தகத்தை மட்டும்தான். 1970க்கு இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு அட்டைபோல் ஆகியிருந்தன. அதைப் பிரிக்காமல் தள்ளி வைத்தார். கிழிந்துபோகும் பக்கம் வேலம்மாவின் பக்கமாக இருந்துவிட்டால்?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அது கிடைத்தது, பக்கங்கள் ஒட்டாத மற்றப் புத்தகத்தில். நர்ஸ் விவியனின் சாய்ந்த எழுத்து.

'செரோஜா, நான்காவது லயம். தாயம்மா, வயது 19, பிரசவத்துக்குப் பின் ரத்தப் போக்கில் இறந்தாள். பெண் குழந்தை, நலம். புருஷன் யாரென்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் செல்லையாவுக்கும் பிள்ளை இல்லை. வேலம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள்.'

தேதி இருந்தது. ஊர் இருந்தது. பேர் இருந்தது. முரியல் 'ஆண்டவரே' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. எங்கம்மா சொல்லும் என்று வேலம்மா சொன்னது சின்னத்தாயைத்தான். பெற்றவள் வேறு என்பது அவருக்குத் தெரியாது.

மேலும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. செரோஜாவில் பிறந்து பதியப்படாத குழந்தைகள், பதினோரு பேர். ஒவ்வொரு பேருக்கும் எதிரே 'படிவம் நிரப்பியாயிற்று, ஐயர் கையில்' என்று எழுதியிருந்தது. ஐயர் என்பது போதகர் எலியட். வேலம்மா ஏழாவது. அதற்குக் கீழே, வேறு மையில், சில வரிகள்:

'இன்று தோட்ட மேனேஜர் துரை, நம் ஐயரைக் கூப்பிட்டுப் பேசினார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை பெர்மிட் இல்லை. காகித விஷயத்தில் தலையிட்டால் வேனைக் கேட்டுக்குள் விடமாட்டாராம். நமக்குப் பால் கொடுப்பதுதான் வேலை என்று ஐயர் முடிவு செய்துவிட்டார். படிவங்களைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. அந்தத் தாய்மார்களிடம் என்ன சொல்வேன்?'

முரியல் புத்தகத்தை மூடி வைத்தார். எதிர்ச் சுவரில் போதகர் எலியட்டின் படம். தான் எழுதிவைத்த கட்டுரையை இனி எந்த முகத்தோடு படிப்பது என்று தெரியவில்லை.

*

சங்கத்தின் தலைவர் கொர்னேலியஸ், போதகர் எலியட்டின் ஒரே மகன். எழுபது வயது. நிதானமானவர், யாரையும் கடிந்து பேசாதவர். சங்கத்தின் புத்தகங்களை வெளியே எடுத்துப்போக அவர் சம்மதம் வேண்டும். புதன்கிழமை காலை முரியல் நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். படித்து முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை.

"முன்பக்கத்த மட்டும் நகல் எடுத்துக் குடும்மா," என்றார் கடைசியில். "பின்பக்கம் எதுக்கு?"

"அவங்க முழுப் புத்தகத்தையும் கேப்பாங்க, அண்ணே. ஒரு தாள மட்டும் காட்டுனா யாரு நம்புவா? அதோட இன்னும் பத்துப் பேரு இருக்காங்களே."

"இருக்காங்களா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அம்பது வருசம் ஆச்சு."

"வேலம்மா இருக்காங்க. அசாம் ஜாவாவுலதான் காய் நறுக்குறாங்க."

கொர்னேலியஸ் கண்ணாடியைக் கழற்றினார். "முரியல், அப்பா அந்த வேன ஓட்டலைன்னா எத்தன பிள்ளைங்க செத்துருக்கும் தெரியுமா? துரை தோட்டத்துக் கேட்டப் பூட்டியிருந்தா பாலும் இல்ல, மருந்தும் இல்ல. அவரு எடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

நேற்று இரவெல்லாம் முரியல் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. "தெரியல, அண்ணே," என்றார். "அவரு செஞ்சது தப்புன்னுகூட நான் சொல்ல வரல. ஆனா அந்த வேனுக்கு வெலை குடுத்தது இந்தப் பதினோரு பேரு. அவங்கள யாரும் கேக்கல."

"சனிக்கிழமை கமிட்டி இருக்கு. அங்க வச்சுப் பேசலாம்."

"நேர்காணல் நாளைக்கு, அண்ணே."

அவர் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. முரியல் காத்திருந்தார். பிறகு எழுந்தார். கைப்பேசியில் நேற்றே படம் எடுத்து வைத்திருந்தது மட்டும்தான் இப்போது அவரிடம் இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

*

அன்று மாலை அசாம் ஜாவாவில் வேலம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். எப்படித் தொடங்குவது என்று காரில் வரும்போதெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. கடைசியில் நேராகவே சொல்லிவிட்டார். கைப்பேசித் திரையைப் பெரிதாக்கி, நர்ஸ் விவியன் எழுதியதை மெதுவாக வாசித்துக் காட்டினார்.

வேலம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசித்து முடிந்த பிறகும் ஆய்ந்தார்.

"எங்கம்மா சின்னத்தாய்தான்," என்றார்.

"ஆமா. வளத்தது அவங்கதான்."

"வளத்ததுன்னு சொல்லாதீங்க, டீச்சர்." குரல் உயரவில்லை. ஆனால் கீரைத் தண்டு கையில் ஒடிந்தது. "அது சாகுறப்பகூட நான் சண்டை போட்டேன். ஆசுபத்திரியில படுத்துருக்கு, நான் கேக்குறேன், ஒரு காகிதம் எழுதி வைக்கத் துப்பில்லையா ஒனக்கு, எம் பொழப்பையும் எம் மக பொழப்பையும் நாசமாக்கிட்டியேன்னு. அது மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லல."

குமுதா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முரியல் தயங்கினார். சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. தாயம்மா இந்த நாட்டில் பிறந்தவளாக இருந்தால், அவள் பேரைப் போட்டால்தான் வேலம்மாவுக்கு வழி திறக்கும். சின்னத்தாய் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவள், கடைசிவரை காகிதம் இல்லாதவள். அவள் பேரில் எதுவும் நடக்காது. அதையும் சொன்னார்.

"அப்ப எங்கம்மா பேரு எங்கயும் வராதா?" என்று கேட்டார் வேலம்மா.

"தெரியல, வேலம்மா."

"அப்படின்னா எனக்கு வேணாம்."

"அம்மா," என்றாள் குமுதா. வேலம்மா மகளின் வயிற்றைப் பார்த்தார். கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது மூடாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும், டீச்சர்?"

*

வியாழக்கிழமை. பதிவிலாகாவில் எண் கூப்பிட்டது ஒன்பதே காலுக்கு. அதிகாரி தூடோங் என்னும் தலைமுக்காடு அணிந்த நடுவயதுப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். முரியல் மலாயில் விளக்கினார், கைப்பேசிப் படத்தைக் காட்டினார். அதிகாரி இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நல்ல ஆதாரம்தான்," என்றார் அவர் மலாயில். "ஆனால் படத்தை வைத்து நான் எழுத முடியாது. அசல் புத்தகம் வேண்டும். இது உண்மையில் சங்கத்தின் புத்தகம்தான் என்று பொறுப்பில் உள்ள ஒருவர் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். இன்று பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவர முடியுமா? இல்லையென்றால் கோப்பை மூடிவிட்டுப் புதுத் தேதிக்குத்தான் மனுப் போட வேண்டும்."

"புதுத் தேதி எப்போது கிடைக்கும்?"

"சொல்ல முடியாது, அம்மா. போன முறை இவர் பதினான்கு மாதம் காத்திருந்திருக்கிறார்."

முரியல் வெளியே வந்து கொர்னேலியஸுக்குப் போன் அடித்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். குறுஞ்செய்தி அனுப்பினார்: 'அண்ணே, புத்தகம் வேணும். 12 மணிக்குள்ள.' அவர் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு கோடுகளும் நீலமாக மாறின. பதில் இல்லை.

பத்து மணி. பத்தரை. உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. குமுதா கால் வீங்கி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வேலம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முரியலுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தாமே காரை எடுத்துக்கொண்டு கொர்னேலியஸ் வீட்டுக்குப் போகலாமா? போய், அவர் இல்லையென்றால்? இருந்தும் கதவைத் திறக்கவில்லை என்றால்? நேற்று அந்தக் கையின் அடியிலிருந்து புத்தகத்தை இழுத்திருக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வருடம் கழித்து ஒருத்தி நம்பி வந்தாள், அவளையும் தான் மரியாதை பார்த்துக் கைவிட்டாயிற்று.

பதினொன்றே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கொர்னேலியஸ் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் நோட்டுப் புத்தகமும் ஒரு பழுப்பு உறையும். முரியல் எழுந்தார். அவர் முரியலைத் தாண்டி வேலம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"நீங்கதான் வேலம்மாவா?"

"ஆமாங்க."

"நான் எலியட் போதகரோட மகன்." உறையை நீட்டினார். "இது அப்பா பெட்டியில இருந்துச்சு. அவரு தவறுனப்ப எனக்குக் கெடச்சது. இருவத்திரண்டு வருசம் ஆச்சு. என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திருப்பி அங்கயே வச்சிட்டேன்."

உறைக்குள் மடிப்பு மடிப்பாகப் பதினோரு படிவங்கள். எல்லாம் நிரப்பி, நர்ஸ் விவியன் கையெழுத்திட்டவை. ஒன்றுகூட எந்த அலுவலகத்துக்கும் போகாதவை. முரியல் ஏழாவதை எடுத்தார். தாய்: தாயம்மா. பிறந்த இடம்: சுங்கை பெசார். குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு எண் தெளிவாக இருந்தது. கீழே, தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில், 'சின்னத்தாய்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கைநாட்டு.

"இது என்ன, டீச்சர்?" என்றார் வேலம்மா.

"ஒங்கம்மா வச்ச ரேகை." முரியல் தாளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார். "பெர்மிட் இல்லாதவங்க. இத வெளியில குடுத்தா அவங்களக் கப்பல் ஏத்தியிருப்பாங்க. அது தெரிஞ்சும் வச்சிருக்காங்க. பதியாம விட்டது அவங்க இல்ல, வேலம்மா."

வேலம்மா அந்தத் தாளை வாங்கவில்லை. ரேகையின் பக்கத்தில் விரலை வைத்தார், அதன்மேல் படாமல். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. வாய் மட்டும் எதையோ சொன்னது. ஆசுபத்திரியில் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முயல்கிறார் என்று குமுதாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கொர்னேலியஸ் நின்றுகொண்டே இருந்தார். "மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல," என்றார்.

வேலம்மா நிமிர்ந்தார். "அத அப்புறம் பாப்போம். மணி ஆவுது. உள்ள வந்து சொல்ல வேண்டியதச் சொல்லுங்க."

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அதிகாரி புத்தகத்தைப் பெற்றுக்கொண்டார். கொர்னேலியஸ் தன் பேரையும் தன் அப்பா பேரையும் சொல்லி, நடந்ததை மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரி நடுவில் தட்டச்சு செய்வதை ஒரு முறை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

*

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. சனிக்கிழமை கமிட்டியில் மூன்று மணி நேரம் வாக்குவாதம். பெரியவர் எலியட்டின் பேரைக் கெடுக்கிறீர்கள் என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். கொர்னேலியஸ் தலைவர் பொறுப்பை விட்டார். முரியல் வரலாற்றைத் திரும்ப எழுதினார். பால் குடித்துப் பிழைத்த குழந்தைகளையும் எழுதினார், பேர் இல்லாமல் போன பதினோரு பேரையும் எழுதினார். இரண்டில் ஒன்றை விட்டாலும் அது பொய்யாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. மலர் வெளிவந்தபோது சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

குமுதாவுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. அதன் சூராட்டிலும் 'குடிமகள் அல்லர்' என்ற வரி விழத்தான் செய்தது. வேலம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வர அடுத்த வருடம் மார்ச் ஆகிவிட்டது. தாய் என்ற இடத்தில் தாயம்மா. அடையாளக் கார்டு மனு இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. அது வந்த பிறகு குமுதாவுடையது, அதன் பிறகு குழந்தையுடையது. சான்றிதழ் வந்த அன்று வேலம்மா முரியலைக் கூப்பிட்டார். "நல்ல செய்திதான், டீச்சர். ஆனா இன்னும் நெஞ்சு அடிச்சிக்கிட்டேதான் இருக்கு. கார்டு கையில வர்ற வரைக்கும் அடிக்கும்," என்றார். படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சின்னத்தாயின் ரேகை இருக்கும் பக்கம் தெரியும்படி சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் குமுதா சொன்னாள்.

மற்றப் பத்துப் பேரில் நால்வர் இறந்துவிட்டார்கள். இருவர் எங்கே என்று தெரியவில்லை. மூவர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகக் கண்டுபிடித்தது லோகேஸ்வரன் என்பவரை. பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊரில் மீன் இறக்கும் துறையில் கூலி வேலை, தனி ஆள். முரியலும் கொர்னேலியஸும் ஒரு செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கப் போனார்கள்.

லோகேஸ்வரன் படிவத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்றார். முரியல் வாசித்துக் காட்டினார். அவருடைய அம்மாவின் பேர் வந்தபோது மட்டும் தலையசைத்தார்.

"இதக் குடுத்தா என்னப் புடிச்சிட்டுப் போவாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க," என்றார் கொர்னேலியஸ். பிறகு தயங்கி, "மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். நானும் கூட வர்றேன்," என்றார்.

லோகேஸ்வரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துறையில் யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படகு வந்துவிட்டது, ஐஸ் பெட்டி இறக்க வேண்டும். "இருங்க, வந்திடுறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். வருவாரா என்று தெரியாமல், முரியலும் கொர்னேலியஸும் அவருடைய வீட்டுப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.